ஊரையே உள்ளே வரவழைத்தவர்

எங்கள் வார்டனம்மா யாருக்கும் எதையும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. இதைச் சொன்னால் என்னோடு அந்த ஹாஸ்டலில் இருந்தவர்கள் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் அங்கே இருந்த காலத்தில் எந்தப் பெண் கேட்டதையும் அவர் மறுத்ததில்லை. எந்தப் பெண்ணும் கேட்டைத் தாண்டித் தன் இஷ்டத்துக்குப் போனதும் இல்லை. இரண்டையும் ஒரே ஆள் எப்படிச் சாதித்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி ஒரு நூல் மில். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டி, ஊர் ஊராகப் போய் ஆள் எடுத்தார்கள். நான் சென்னிமலைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டங்காடுகளில் கூலிக்குப் போகிறவர்கள். பத்தாவது முடித்த கையோடு மில் வேனில் ஏற்றிவிட்டார்கள். பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் அதே வேன் எங்களை ஊரில் இறக்கிவிடும், அதே வேன் வந்து திரும்ப ஏற்றிக்கொள்ளும்.

வார்டனம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட நூல் சேலை. முதலாளி குடும்பத்துக்குத் தூரத்து ஒறம்பரை, ஏதோ ஒரு வழியில் சொந்தம் என்று சமையல்கார அக்கா சொல்வார். பதினாறு வயதுப் பெண்ணையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் அழைப்பார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நாம் கேட்க வந்தது நமக்கே மறந்துபோகும். அப்படி ஒரு குழைவு.

செல்விதான் ஆரம்பித்து வைத்தாள். என் பக்கத்துக் கட்டில்காரி, தாராபுரத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டனம்மா முன்னால் போய் நின்று, துடியலூர் கடைவீதிக்குப் போய் வளையல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

“வளையல்தானுங்களே அம்மணி? அதுக்கு எதுக்குங்க இந்த வெய்யில்ல அலையோணும்? நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கறேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைமேட்டிலிருந்து வளையல்கார பாய் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினார். எங்களுக்குக் கொண்டாட்டம். சுற்றி உட்கார்ந்து பெட்டியைத் திறக்கச் சொன்னோம். பெட்டி நிறையப் பச்சை வளையல். பச்சை மட்டும்தான். ஒருத்தி கையைப் பார்த்து இன்னொருத்தி ஏங்கக் கூடாது என்று வார்டனம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார். பாய்க்கே சங்கடமாகப் போய்விட்டது. “கடைக்கு வந்திருந்தா செவுரு பூரா காமிச்சிருப்பேன் பாப்பா, புடிச்சதை எடுத்திருப்பீங்க” என்று செல்வியிடம் மெதுவாகச் சொன்னார். மஞ்சள் வளையல் கனவோடு இருந்தவள் பச்சையைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். நல்ல வளையல்தான், சீக்கிரம் உடையவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வழி தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. நாலைந்து பேர் சேர்ந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்றோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் வந்து உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் பூசாரி வந்து பொங்கலும் சுண்டலும் கொடுத்தார். மரியபுஷ்பம் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு உபதேசியார் ஜெபம் நடத்தினார். கடவுள்களே ஒழுங்காகக் கேட்டுக்குள் வந்துபோகும்போது, மனுஷப் பிறவிகள் வெளியே போவேன் என்று எந்த முகத்தோடு கேட்பது?

சினிமாவுக்கு வீடியோ டெக் வந்தது. கேசட்டை அவரே தேர்ந்தெடுத்து வாடகைக்கு வாங்கிவரச் சொல்வார். படம் ஓடும்போது ஹீரோவும் ஹீரோயினும் மரத்தைச் சுற்றத் தொடங்கினால் எழுந்து போய் டி.வி.க்கு முன்னால் நின்றுகொள்வார். “சித்த பொறுத்துக்குங்க அம்மணிகளே, இப்ப முடிஞ்சுபோகும்” என்பார். டி.வி.யை நிறுத்த மாட்டார், அது மரியாதை இல்லை. எத்தனையோ காதல் பாட்டுகளை நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். இப்போதும் ரேடியோவில் அந்தப் பாட்டுகள் வந்தால் கஞ்சி போட்ட சேலைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும் என்றபோது போனும் வந்தது. அவருடைய மேசைமேல் வைத்தார். ஊரில் மளிகைக்கடைப் போனுக்கு அப்பாவை வரச் சொல்லியிருப்போம். முதலில் வார்டனம்மா பேசுவார். பிள்ளை நன்றாக இருக்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், சளி குறைந்துவிட்டது, தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் என்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுப்பார். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. “அப்பா, நல்லா இருக்கறனுங்கப்பா” என்பேன். “அதைத்தான் அந்தம்மா சொல்லிட்டாங்களே கண்ணு” என்பார் அவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரைப் பொல்லாதவர் என்று நினைத்தால் அது தப்பு. எனக்கு ஒரு தடவை கடுமையான காய்ச்சல் வந்தது. தன் அறையிலேயே பாய் விரித்துப் படுக்க வைத்தார். கஞ்சி வைத்து ஊட்டினார். சிக்குப் பிடித்த தலையை மடியில் போட்டுப் பொறுமையாக வாரிவிட்டார். கூலி போய்விடும் என்று என் அம்மாவால் ஒரு நாள்கூட என் பக்கத்தில் வந்து உட்கார முடியவில்லை. அந்த மடியில் படுத்து நான் அழுதிருக்கிறேன். அவரை எனக்குப் பிடிக்கும். அதுதான் பெரிய தொந்தரவு.

அப்பா விஷயம் இன்னும் மோசம். என்னைப் பார்க்க அவர் முதல் தடவை வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் தோளில் தூக்கி வளர்த்த பையன்கள் உட்பட. வார்டனம்மா கேட்டுவரைக்கும் நடந்து வந்து, “வாங்க, வாங்க. ஏனுங்க வெளியில நிக்கறீங்க? உள்ள வந்து உக்காருங்க” என்று நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. இரண்டாவது முறை சொன்ன பிறகு நுனியில் உட்கார்ந்தார். எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்த ஹாஸ்டல்தான் சொர்க்கம், வார்டனம்மாதான் தெய்வம். அதற்காக அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அரசாங்கத் தரப்பிலிருந்து சிலர் ஒரு முறை ஹாஸ்டலைப் பார்வையிட வந்தார்கள். ஃபேன்களை எண்ணினார்கள், குழாய்களைத் திறந்து பார்த்தார்கள், சாம்பாரை ருசி பார்த்தார்கள். எல்லாம் இருந்தது, எல்லாம் வேலை செய்தது. கூட வந்த ஒரு அம்மாள் எங்களை வரிசையாக நிறுத்தி, “உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா? தைரியமாச் சொல்லுங்க” என்றார். பக்கத்தில் நின்ற வார்டனம்மாவும் “சொல்லுங்க அம்மணி, கூச்சப்படாதீங்க” என்றார். மனசாரத்தான் சொன்னார். நாங்கள் யோசித்துப் பார்த்தோம். ஒரு குறை இருந்தால் அதைக் கேட்டால் போதும், அடுத்த வாரம் வந்துவிடும். குறையே இல்லை என்றோம். வந்தவர்களுக்கு ரொம்ப திருப்தி. மற்ற மில்லுக்கெல்லாம் இதுதான் முன்மாதிரி என்று பாராட்டிவிட்டு முதலாளியோடு சாப்பிடப் போனார்கள். வளர்ச்சி என்றால் என்ன என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் மேலே சுற்றிய ஃபேனைத்தான் காட்டியிருப்பேன்.

எனக்கு டைப் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பித்து பிடித்தது. மில்லில் என் வேலை அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுவது. நாள் முழுக்க ஓடி ஓடி முடிச்சுப் போட்டாலும் மறுநாள் அதே இடத்தில் நூல் அறுந்து நிற்கும். காகிதத்தில் எழுத்து வரிசையாக விழுந்து, விழுந்தபடியே நிற்கும் வேலை எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. துடியலூரில் ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, சாயங்காலம் போய்வருகிறேன் என்று வார்டனம்மாவிடம் கேட்டேன். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

இரண்டு பழைய டைப்ரைட்டர்கள் வந்தன. ரிட்டயரான ஒரு மாஸ்டரும் வந்தார். ஐந்து பேர் சேர்ந்தோம், செல்வியும் ஒருத்தி. மாஸ்டர் அடிக்கக் கொடுத்த மாதிரிக் கடிதங்களில் பாதி, அனுமதி கேட்டு எழுதும் கடிதங்கள். அந்தக் கடிதங்களை நாங்கள் தப்பே இல்லாமல் அடித்தோம்.

பரீட்சை நெருங்கியதும்தான் சிக்கல். அதை டவுனில் ஒரு காலேஜில் போய்த்தான் எழுத வேண்டும். வார்டனம்மா விடவில்லை. யாருக்கோ போன் போட்டு, “நாங்க அஞ்சு பேரு வார்றதுக்கு நீங்க ஒருத்தரு இங்க வந்தாப் போதுமுங்களே? சாப்பாடு, வண்டி எல்லாம் நம்ம பொறுப்புங்க” என்று கேட்டார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, முகம் சுண்டிப்போய் ரிசீவரை வைத்தார். ‘முடியாது’ என்ற சொல்லை அவ்வளவு பக்கத்தில் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. மத்தியானம் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மில் வேனில் போனோம். காலேஜ் வாசலில் எங்களை இறக்கிவிட்டு, டிரைவரும் துணைக்கு வந்த வாட்ச்மேனும் சாப்பிடப் போய்விட்டார்கள். முதல் பேப்பருக்கும் இரண்டாவது பேப்பருக்கும் நடுவில் நிறைய நேரம் இருந்தது. ஹாலைவிட்டு வெளியே வந்தோம். காலேஜ் கேட் விரியத் திறந்து கிடந்தது. எதிரே கடைகள், ஜனங்கள், டவுன் பஸ்கள். எங்களைக் கவனிக்க ஒரு குருவிகூட இல்லை. நாங்கள் ஐந்து பேரும் வேன் இறக்கிவிட்ட அதே இடத்துக்குப் போய் சுவரோரமாக வரிசையில் நின்றோம்.

பரீட்சை எழுத வந்த ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரோட்டுக்காரி, கோயமுத்தூரில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறவள். பக்கத்தில் வந்து கேட்டாள்.

“ஏனுங்க, யாராச்சும் வரோணுங்களா?”

“இல்லீங்க.”

“இங்கயே நிக்கச் சொன்னாங்களா?”

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். யாரும் எங்களை நிற்கச் சொல்லவில்லை. அது புரிந்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வாட்ச்மேன் இல்லை, வார்டனம்மா இல்லை, கேட்கூடத் திறந்து கிடக்கிறது. அப்படியும் நான் வரிசையில் நிற்கிறேன். செல்விதான் முதலில் அந்தச் சுவரைவிட்டு நகர்ந்தாள். ஈரோட்டுப் பெண்ணோடு நாங்கள் ரோட்டைக் கடந்து ஒரு கடையில் சர்பத் குடித்தோம். அங்கே வைத்துத்தான் அவள் சொன்னாள், ஈரோட்டில் தன் சித்தப்பாவின் மஞ்சள் மண்டியில் டைப் அடிக்க ஆள் தேடுகிறார்கள் என்று. ஈரோடு என்றால் சென்னிமலையில் என் சின்னம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்.

பாஸானேன். ஈரோட்டுப் பெண் மூலமாக, மண்டியிலிருந்து வரச் சொல்லித் தகவலும் வந்தது. போய் வார்டனம்மாவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். வாயில் சர்க்கரை போட்டார். ரெண்டு நாள் பொறுங்க என்றார். மூன்றாவது நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“முதலாளிகிட்டப் பேசிட்டேனுங்க. நம்ம மில் ஆபீஸ்லயே உங்களுக்கு டைப்பிஸ்ட் வேலை. ஷிப்ட்டு கெடையாது. மண்டியில குடுக்கறதைவிட ஒசத்தியாவே குடுக்கச் சொல்லிட்டேன். மஞ்சத் தூசியில எதுக்குங்க போய் இருமிக்கிட்டுக் கெடக்கோணும்?”

வேலையையே உள்ளே வரவழைத்துவிட்டார். எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்க்கவில்லை. அது நல்ல வேலை. என் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் சம்பளம் வாங்கியதில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் என் கையில் இல்லை. வேண்டாம் என்று சொன்னேன்.

“அங்க என்னங்க இருக்குது, இங்க இல்லாதது?”

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். “பஸ்ல போலாமுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “பஸ்ஸா? அதுக்குத்தான் வேன் இருக்குதுங்களே அம்மணி.” சிரிப்பு அடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பினார். “நானும் இங்க வந்த புதுசுல டீச்சர் டிரெயினிங் போகோணும்னு ஒத்தக்கால்ல நின்னனுங்க. எங்க வூட்டுக்காரரு போய்ச் சேந்து ஒரு வருசம்கூட ஆகலை. முதலாளியம்மாதான், அவ்வளவு தூரம் எதுக்கு, இங்கயே புள்ளைங்களைப் பாத்துக்கன்னு சொன்னாங்க. அவங்க சொன்னதும் சரிதானுங்களே. எனக்கு இங்க என்ன கொறை?” அந்தக் கேள்வியை அவர் என்னிடம்தான் கேட்டார்.

அப்பாவை வரவழைத்தார்கள். அதே நாற்காலி, அதே டம்ளர். அப்பா என்னைத் தனியாக அழைத்துப்போய் கெஞ்சினார். “கண்ணு, அந்த மண்டியில உன்னைய யாரு வாங்க போங்கன்னு கூப்புடுவாங்க? இந்த மரியாதிக்கு ஏழு சென்மம் எடுத்தாலும் நம்மளுக்கு வாய்க்குமா?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “கூப்புடாட்டிப் போகுதுங்கப்பா. புடிக்கலீன்னா இன்னொரு மண்டிக்குப் போய்க்கறேன்.”

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு இடத்துக்குப் போகலாம் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் செய்து பார்க்காத காரியம். எந்தத் தோட்டத்தில் அவருடைய அப்பா மாடு ஓட்டினாரோ அதே தோட்டத்தில்தான் அவரும் ஓட்டினார். கடைசியில், “செரி, உன்ற இஷ்டம்” என்றார். என் இஷ்டம் என்று அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

புறப்படும் நாள் காலையில் வேன் தயாராக நின்றது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவார்கள் என்றார் வார்டனம்மா. நான் எதிரே நின்று பஸ் ஏறிக்கொள்கிறேன் என்றேன். அவருக்குத் திக்கென்றது. என் பெட்டியைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். வேனில் போகிறவர்களுக்கு வாசலில் நின்று கையசைத்தால் போதும். நடந்து போகிறவரை அப்படி அனுப்ப முடியாது. வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினால் கூடவே போய் பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்ப வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். தனியாக விட்டால் அவமரியாதை. மரியாதை விஷயத்தில் அவர் என்றைக்கும் தவறியதில்லை.

“நடங்க, வாரேன்” என்றார்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வந்து ரோட்டோரம் நின்றோம். லாரிகள் சீறிக்கொண்டு போயின. வார்டனம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது என்னைப் பாதுகாக்க இல்லை என்பது பிடியிலேயே தெரிந்தது. நான்தான் இரண்டு பக்கமும் பார்த்து அவரை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். “இதுல எது நம்ம பஸ்ஸுன்னு எப்படீங்க தெரியும்?” என்று கேட்டார். போர்டைப் படிக்கலாம் என்றேன். அவர் ஒவ்வொரு பஸ்ஸாகப் போர்டை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். நல்ல படிப்பாளி, ஒன்றையும் விடவில்லை.

காந்திபுரம் பஸ் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு நான் படியில் ஏறினேன். ஏறி நின்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். வருகிறேன் என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. அவர் படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் கண்டக்டர் அவரையும் பயணி என்று நினைத்துவிட்டார்.

“ஏனுங்கக்கா, நீங்க எங்க போகோணும்?”

எதற்கும் உடனே வழி சொல்லும் வாய் அது. திறந்தது, ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார். பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

“சொல்லுங்கக்கா, வண்டி நிக்குதுல்லொ.”

“யோசிச்சுத்தானுங்க சொல்லோணும்” என்றார் வார்டனம்மா.

கண்டக்டர் சிரித்தார். “செரி, யோசிச்சு வைங்க. பின்னாலயே இன்னொரு வண்டி வருது” என்று சொல்லி விசில் கொடுத்தார்.

நான் பின்பக்கக் கண்ணாடிக்கு ஓடினேன். எதிர்ப்புறத்தில் வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார். வார்டனம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, அடுத்த பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.